இருபத்து மூன்று முத்திரைகளின் நேர்மை

செகினே ராஜினாமா கடிதம் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். கடிதம் மொத்தமே இரண்டு வரி. "சொந்தக் காரணங்களை முன்னிட்டு மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் பெயரும், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையும். வேலையை விடுகிற எவரும் இதைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. மனைவி இறந்து ஊர் திரும்பியவர் எழுதியதும் இதுதான். மேலாளரின் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனவர், போகிற வழியில் நின்று எழுதிக் கொடுத்ததும் இதுதான். ஆனாலும் அவளுக்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் மை திட்டாக விழுந்தது. இரண்டாம் நாள், 'முன்னிட்டு' என்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறதோ என்று தோன்றிவிட்டது. மூன்றாம் நாள் முத்திரையை எவ்வளவு சாய்த்து வைப்பது என்று யோசித்து மதிய உணவு வேளை முழுவதையும் கழித்தாள்.

சாய்வு அந்த நிறுவனத்தில் முக்கியமான விஷயம். ஒரு கோப்பில் முத்திரைப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். வலது ஓரத்தில் எழுதியவருடையது, இடது ஓரத்தில் தலைவருடையது. கீழே இருப்பவர் தன் முத்திரையை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். அப்போது அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் பெயர், பக்கத்துப் பெட்டியிலிருக்கும் மேலதிகாரியைப் பார்த்துக் குனிந்து வணங்குவது போல இருக்கும். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. செய்யாதவர்களுக்குப் பதவி உயர்வும் கிடையாது.

ஒகாயாமா நகரத்தின் விளிம்பில் இருந்த அந்த நிறுவனத்தை ஊரார் 'புல் கம்பெனி' என்பார்கள். மதிய உணவுப் பெட்டிகளில் சோற்றையும் மீனையும் பிரித்து வைப்பதற்காகச் செருகுகிறார்களே, பச்சை பிளாஸ்டிக் புல், அதுதான் அங்கே தயாராகிறது. நூற்று எண்பது பேர், வருடம் பூராவும் புல் வெட்டினார்கள். செகினே தயாரிப்புத் திட்டப் பிரிவில் ஆறு வருடமாக இருந்தாள். இப்போது அவளுக்கு உள்கடல் தீவு ஒன்றில், நகராட்சிப் படகுத் துறையின் பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். நேர்காணலில் அந்த அலுவலகத்தை நடத்தும் திருமதி இவாகி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காத்து பலமா அடிச்சா, நூறு பேர் நிக்கிற கூட்டத்துக்கு முன்னாடி போய், இன்னிக்குப் படகு இல்லைன்னு சொல்லணும். திட்டுவாங்க. சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றாள் செகினே. வீடு திரும்பும்வரை தன் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருடத்தில் அவள் கேள்விக்குறி இல்லாமல் முடித்த முதல் வாக்கியம் அது.

பிப்ரவரி மூன்றாம் தேதி கடிதத்தைப் பிரிவு மேலாளர் நினோமியாவிடம் கொடுத்தாள். அவர் அதை உறையிலிருந்து எடுத்தார். முதலில் முத்திரையின் சாய்வைப் பார்த்துத் திருப்தியடைந்தார், பிறகுதான் விஷயத்தைப் படித்தார். படித்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது. சொந்தக் காரணம்னு எழுதிக் குடுத்திருக்க. அதெல்லாம் போன வருஷத்தோட போச்சு."

நடந்தது இதுதான். கம்பெனியின் தலைவர் டோக்கியோவில் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்திருந்தார். வெளியேறும் ஊழியர்களிடம்தான் உண்மை இருக்கிறது, அதை அவர்கள் கையோடு எடுத்துப் போய்விடுகிறார்கள், எனவே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்த வாரமே 'நேர்மைக் கருத்து ஊக்குவிப்பு அலுவலகம்' திறக்கப்பட்டது. அதுவரை காலை உடற்பயிற்சிக் குழுவாக இருந்த மூன்று பேரை அதில் அமர்த்தினார்கள். குழுத் தலைவர் குசாகா அலுவலகத் தலைவரானார். இனி விலகுகிறவர்கள் உண்மையான காரணத்தைச் சொல்லி, 'நேர்மை நிறைவுச் சான்று' பெற வேண்டும். அது இருந்தால்தான் விலகல் சான்று தரப்படும். நகராட்சி வேலையில் சேர, அந்த விலகல் சான்று இல்லாமல் முடியாது.

செகினே அன்று மதியம் நோட்டுப்புத்தகத்தில் காரணங்களை எழுதிப் பார்த்தாள். பதினேழு வந்தன. அகர வரிசைப்படி அடுக்கினாள். பிறகு, பதினேழு என்பது குறை சொல்கிறவள் என்ற தோற்றத்தைத் தரும் என்று பட்டது. மறுநாள் ஒன்பதாக்கினாள். வார இறுதியில் மூன்றே மூன்று மிஞ்சின. மூன்றும் நியாயமானவைதானா என்று உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் மூன்றும் நடந்தவை.

ஒன்பதாம் தேதி ஒத்திகைக்கு அழைத்தார்கள். நேர்மைக்கு ஒத்திகை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குசாகாவே விளக்கினார். வட்ட முகமும் மென்மையான குரலுமாக, இத்தனை வருடம் வானொலி இசைக்கு எல்லாரையும் கையைத் தூக்க வைத்த பழக்கத்தில், பேசும்போது உள்ளங்கைகளை மேலும் கீழும் அசைப்பார்.

"உண்மை திடீர்னு வந்தா எல்லாருக்கும் சங்கடம் பாருங்க. அதனால முதல்ல ஒருதடவை சொல்லிப் பாத்துக்கறோம். நிஜக் கூட்டத்துல அதே ஆச்சரியத்தோட நாங்க கேட்டுக்குவோம். பயப்படாதீங்க. இங்க நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம். சொல்லக்கூடாததுக்கு ஒரு பட்டியல் இருக்கு, அதையும் முன்கூட்டியே குடுத்துடுவோம். தெரியாம யாரும் தப்புப் பண்ணிடக்கூடாது இல்லையா."

பட்டியல் நான்கு பக்கம். 'நேர்மைக் கருத்து' என்பதற்கு வரையறையும் அதில் இருந்தது: நிறுவனத்தின் நலன் கருதி, எவர் மனத்தையும் புண்படுத்தாமல், ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு முரணாகாமல், உரிய வடிவத்தில் சொல்லப்படும் உண்மை. செகினே அதை இரண்டு முறை படித்தாள். தன் மூன்றில் எதுவும் அதற்குள் பொருந்தவில்லை. தவறு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அறையின் மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி இருந்தது. அழுகிறவர்கள் எத்தனை எடுக்கிறார்கள் என்று அலுவலகத்தின் இளைய உறுப்பினர் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். சராசரி இரண்டு. மகரந்த ஒவ்வாமையில் மூக்கு ஒழுகும் மாதமாதலால் செகினே ஒத்திகையிலேயே ஏழு எடுத்துவிட்டாள். அலுவலகத்தில் அதுபற்றி மரியாதை கலந்த பேச்சு எழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

பதினாறாம் தேதி நிஜக் கூட்டம். அவள் மூன்றையும் சொன்னாள். ஒன்று, புல்லின் மேல்விளிம்புப் பற்கள் வெட்டு அச்சிலிருந்து அளவுக்கு மீறிக் கூராக வருகின்றன. உணவுப் பெட்டி அடுக்குகிறவர்களின் விரலைக் கிழிக்கின்றன. இரண்டாம் வருடமே ஒரு குறிப்பு எழுதினேன், பதில் இல்லை. இரண்டு, காலைக் கூட்டத்தில் தினமும் ஒவ்வொருவரும் எதற்காவது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வருடத்திலேயே எனக்கு நன்றிகள் தீர்ந்துவிட்டன. மூன்று, மேலாளர் கோப்பைப் படிப்பதில்லை, முத்திரையின் சாய்வை மட்டும் பார்க்கிறார். சொல்லி முடித்ததும் மூன்று அதிகாரிகளும் ஒத்திகையில் காட்டிய அதே ஆச்சரியத்தை, அதே இடங்களில் காட்டினார்கள். குசாகாவுக்குக் கண் கலங்கியது. அவரும் ஒரு டிஷ்யூ எடுத்தார். அது எந்தக் கணக்கில் சேரும் என்று இளையவர் தயங்கினார்.

பிறகு, நேரம் மிச்சமாகட்டும் என்று, சுற்றுக்குப் போகும் கோப்பின் அடியில் முன்னதாகவே அவள் முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். செகினே தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்த்து வைத்தாள். ஆறு வருடப் பழக்கம் கையில் இருந்தது. வைத்த மறுகணம் ஏதோ பிசகிவிட்டதாக உள்ளே குறுகுறுத்தது. என்னவென்று தெரியவில்லை. அன்று மாலை பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

நேர்மை அலுவலகத்தின் விதி ஒன்பது இப்படிச் சொன்னது: ஒரு கருத்தில் யாருடைய பெயரோ, பொறுப்போ, இயந்திரமோ குறிப்பிடப்படுகிறதோ, அவர் அதைப் பார்த்து, தேவையான சிறு திருத்தம் செய்து முத்திரை வைக்க வேண்டும். அவளுடைய மூன்று கருத்துகளுக்கு இருபத்து மூன்று முத்திரைகள் தேவைப்பட்டன. கோப்பு நான்கு வாரம் சுற்றியது.

யாரும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதுதான் அதன் சிறப்பு. அச்சுப் பட்டறைக்காரர் 'அளவுக்கு மீறி' என்பதை மட்டும் அடித்தார். தரப் பிரிவு 'கிழிக்கின்றன' என்பது நிரூபிக்கப்படாதது என்று எடுத்துவிட்டது. விற்பனைப் பிரிவு, வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று 'கூர்மை' என்பதற்கு முன்னால் 'நேர்த்தியான' என்பதைச் சேர்த்தது. மார்ச் பதினெட்டாம் தேதி குசாகா அவளை அழைத்து, முழுமை பெற்ற கோப்பை இரண்டு கையாலும் நீட்டினார். அதில் இருந்தது:

'ஒன்று. எங்கள் புல்லின் நேர்த்தியான கூர்மையை இரண்டாம் ஆண்டிலேயே கண்டு வியந்தேன். இரண்டு. நன்றி சொல்ல ஆறு ஆண்டுகள் போதவில்லை. மூன்று. மேலாளர் என் முத்திரையின் சாய்வைக்கூடக் கவனிக்கும் அளவுக்கு அக்கறை கொண்டவர்.'

கீழே இருபத்து மூன்று சிவப்பு வட்டங்கள், ஒன்றையொன்று வணங்கியபடி, இடது ஓரத்தில் நிமிர்ந்து நின்ற தலைவரின் முத்திரை வரை.

இது நான் சொன்னது இல்லையே என்று செகினே மெதுவாகச் சொன்னாள்.

"முத்திரை உங்களோடதுதானே?" குசாகா குனிந்து பார்த்தார். "அதுவும் அழகா சாய்ச்சிருக்கீங்க. மேல இருக்கறவங்க திருத்தம் எதுவா இருந்தாலும் சம்மதம்னுதானே அர்த்தம். இப்போ எங்களுக்கு ஒரு சின்னச் சிக்கல். இவ்வளவு திருப்தியா இருக்கறவங்க விலகறதுக்குக் காரணமே இல்ல. காரணம் இல்லாத ராஜினாமாவை ஏத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல. நாங்க நேர்மையா இருக்கணும் பாருங்க."

கோப்பின் அடியில் ராஜினாமா கடிதம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு பாராட்டுச் சீட்டு. அந்தக் காலாண்டின் மிகச் சிறந்த நேர்மைக் கருத்துக்கானது.

ஆனால் பிரிவு உபசார விருந்து நின்றுவிடவில்லை. அதை ரத்து செய்ய இன்னொரு கோப்பு சுற்ற வேண்டும், விருந்தோ மார்ச் இருபத்து நான்காம் தேதி. கோழி வறுவல் கடையில் பிரிவு முழுவதும் கூடியது. நினோமியா பேச எழுந்தார். செகினே-சான் நம்மை விட்டுப் பிரிகிறார் என்று ஆரம்பித்து, அதாவது பிரியவில்லை, ஆனால் பிரிந்திருந்தால் நாம் எவ்வளவு வருந்தியிருப்போமோ அவ்வளவு வருந்துவோம் என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தபோது, வழியனுப்பி வைத்த பிணம் எழுந்து வந்து டீ கேட்டதைப் போல ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் எல்லாருக்கும் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த நாற்பத்திரண்டு தனித்தனி உறையிட்ட பயற்றுப் பணியாரங்கள், மேசைக்கடியில் அப்படியே இருந்தன. ஏப்ரல் இரண்டுக்குள் சாப்பிட வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருந்தது.

அடுத்த மேசையில் இருந்த தமாகி மட்டும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். செகினேவுக்கு இரண்டு வருடம் இளையவள். வாயில் வருவதைச் சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளும் ரகம்.

"செகினே-சான், சட்டப்படி ரெண்டு வாரம் முன்னாடி சொன்னாப் போதும். சும்மா எந்திரிச்சுப் போயிடுங்க. இவங்க என்ன கப்பலை வெச்சா துரத்துவாங்க?"

"சான்று இல்லாம நகராட்சி எடுத்துக்காதே."

"அப்போ இன்னொரு கருத்து எழுதிக் குடுங்க. நல்லா காரமா."

"காரமா எழுதினா இன்னும் நாலு முத்திரை சேரும். அவ்வளவுதான்" என்றாள் செகினே. அதை அவள் ஏற்கெனவே அட்டவணை போட்டுப் பார்த்திருந்தாள். வேலையைக் குறை சொன்னால் பிரிவு. அறை குளிர்கிறது என்றால் கட்டடப் பராமரிப்பு. டீ நன்றாக இல்லை என்றால் பொது நிர்வாகம். நேர்மைக் கருத்து முறையே சரியில்லை என்று எழுதினால் மற்ற எல்லாரோடு குசாகாவும். எந்தத் திசையில் கையை நீட்டினாலும் அங்கே ஒரு முத்திரை இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி திருமதி இவாகி போன் செய்தார். சான்று இன்னும் வரவில்லையா என்று கேட்டார். நகராட்சியில் நெருக்குகிறார்கள் என்றும், இரண்டாவதாகத் தேர்வான பெண் காத்திருக்கிறாள் என்றும், முதல் தேதி காலை வரைதான் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்றும் சொன்னார். வையாமல் சொன்னார். அதுதான் செகினேவை அதிகம் அலைக்கழித்தது. போனை வைத்துவிட்டு மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கினாள். மூன்றாவது முறை ஏறும்போது நின்று, நேராகக் குசாகாவின் அறைக்குப் போனாள்.

யாரையுமே குறிப்பிடாமல் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டாள். அது கருத்தே ஆகாது என்றார் குசாகா. வெளியாட்களைக் குறிப்பிட்டால்? வெளியாட்களுக்கு முத்திரைப் பெட்டி இல்லை, அதனால் சிக்கலும் இல்லை, ஆனால் நிறுவனத்து ஆள் ஒருவராவது இருக்க வேண்டும்.

"என்னைப் பத்தி மட்டும் எழுதினா?"

குசாகா முப்பத்தொரு பக்க விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உள்ளங்கைகள் கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே நின்றன.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. விதிப்படி பாத்தா... உங்க ஒரு முத்திரை போதும்."

மறுநாள் மதிய உணவு வேளையில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து செகினே எழுதினாள். தந்திரமாகத்தான் ஆரம்பித்தாள். தன்னைத்தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, சான்றை வாங்கிக்கொண்டு, ஓடிவிட வேண்டும். முதல் வாக்கியம் அப்படித்தான் வந்தது. அதை அடித்துவிட்டாள். அதன்பிறகு பேனா நிற்கவில்லை. சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே மணி அடித்துவிட்டது. எழுதியது இவ்வளவுதான்:

'இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம், மழை நாளில், ஒசாகாவில் பெட்டி அடுக்கும் பதினொரு பெண்களைப் பார்த்தேன். எட்டுப் பேர் விரலில், காயத்தின் மேல், நீல ஒட்டுப்பட்டை இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை எழுதினேன். பதில் வராதபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. அதற்குப் பிறகு எழுதவில்லை. தினமும் காலையில் எதற்காவது நன்றி சொன்னேன். மழைக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். என் முத்திரையைப் பன்னிரண்டு பாகை சாய்த்து வைத்தேன். யாரும் அளக்கச் சொல்லவில்லை, நானே அளந்தேன். போகும்போது எல்லாவற்றையும் மற்றவர்கள் தலையில் எழுதி வைத்துவிட்டுப் போகப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் இருந்தால் இது எனக்குப் பழகிவிடும். அதனால் போகிறேன்.'

முப்பத்தொன்றாம் தேதி காலை அதை அலுவலகத்தில் கொடுத்தாள். மூன்று அதிகாரிகளும் ஆளுக்கொரு முறை, வரிக்கு வரி விரலை வைத்து, யாராவது குறிப்பிடப்பட்டிருக்கிறார்களா என்று தேடினார்கள். மழை யாருடைய பொறுப்பிலும் வராது என்று உறுதி செய்துகொண்டார்கள். பெண்கள் ஒசாகாக்காரர்கள், அதனால் பரவாயில்லை. எழுதியிருந்தது என்ன என்பது பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் முத்திரையில் சிக்கல் வந்தது. தாளில் ஒரே ஒரு பெட்டி. பக்கத்தில் மேலதிகாரி இல்லை. அப்படியானால் இந்த முத்திரை யாரை நோக்கிச் சாய்வது? காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஆலோசனை மதியம் தாண்டியும் நீடித்தது. நினோமியாவை வரவழைத்தார்கள். இடப்பக்கம் காலியாக இருந்தாலும் அங்கே நிறுவனம் இருப்பதாகக் கருதலாம் என்றார் அவர். இல்லாத ஆளை வணங்கினால் கேலி செய்வதாகிவிடும் என்றார் இளையவர். செகினே சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். விலகல் சான்றுப் பிரிவை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாலு இருபதுக்கு அவள் நடந்து போய், நடு மேசையில் இருந்த தாளில் முத்திரையை வைத்தாள். நேராக. செங்குத்தாக.

குசாகா தாளைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"சாய்வே இல்லைன்னா மேல யாரும் திருத்த வேண்டியதில்லைன்னு எடுத்துக்கலாம்" என்றார் கடைசியில். "செகினே-சான், மனசு நெறஞ்சு சொல்றேன். நாங்க இந்த அலுவலகத்தைத் தொடங்கினதே இதுக்குத்தான். எந்தப் பிரிவு மேலயும் ஒரு குறை இல்ல. எந்த இயந்திரத்து மேலயும் இல்ல. தப்பு முழுக்க போறவங்களோடது, அவங்களே கண்டுபிடிச்சு, அவங்களே எழுதி, எடுத்துக்கிட்டும் போறாங்க. ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து இருக்க முடியுமா, சொல்லுங்க."

நாலு ஐம்பதுக்கு விலகல் சான்று கைக்கு வந்தது. பணியாரங்களை மேசை மேசையாக வைத்துவிட்டு வெளியே வந்தாள். பேருந்தில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்ததுபோல இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். தந்திரத்துக்காக எழுதிய ஒன்றில் ஒரு பொய்கூட இல்லை என்பதே திரும்பத் திரும்ப வந்து குத்தியது.

தீவில் வேலை அவளுக்கு ஒத்துப்போனது. முதல் குளிர்காலத்திலேயே பதினான்கு முறை படகு இல்லை என்று சொன்னாள். திட்டினார்கள்.

மறு வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் பயணச்சீட்டு ஜன்னலுக்கு வெளியே தமாகி நின்றாள். சீட்டு வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றாள். தானும் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னலுக்குக் கீழே தள்ளினாள்.

அச்சடித்த படிவம். தலைப்பு, 'விலகுவோர் நேர்மைக் கருத்து, முன்அனுமதி பெற்றது'. கீழே பெயருக்கு ஒரு கோடு, முத்திரைக்கு ஒரு பெட்டி. நடுவில் இருந்ததைச் செகினே படித்தாள். இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம், மழை நாளில், ஒசாகாவில். எதையும் விடவில்லை. பன்னிரண்டு பாகையும் இருந்தது.

"எல்லாரும் இதுலதான் முத்திரை வெக்கணும்" என்றாள் தமாகி. "போன மாசம் கேன்டீன் சமையல்காரர் ரிட்டயர் ஆனாரு. ஒசாகா எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. லாரி ஓட்டுற ரெண்டு பேரும் வெச்சுட்டுப் போனாங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஒரு எழுத்து மாத்தினாலும் சுத்துக்கு விடணுமாம், அதனால யாரும் மாத்தறதில்ல."

புல் வெட்டும் அச்சு என்ன ஆயிற்று என்று செகினே கேட்டாள். அதே அச்சுதான் என்றாள் தமாகி.

எப்போதும் வாயில் வருவதைச் சொல்கிறவள், இப்போது எதையோ தேடுவது போலிருந்தது.

"நான் அந்தப் பொண்ணுங்களைப் பாத்ததே இல்ல, செகினே-சான். ஆனா 'நிம்மதி வந்தது'ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க. அதைப் படிச்சதும் முத்திரையை எடுத்து உள்ள வெச்சுட்டேன். மத்த எல்லாம் உங்களோடது. அது என்னோடதும்தான். பாக்காத ஒண்ணுக்கு முத்திரை வெக்க மாட்டேன். அந்த இடம் எங்க இருக்கு, சொல்லுங்க. போய் எண்ணிட்டு வந்து வெக்கறேன்."

செகினே பயணச்சீட்டின் பின்பக்கத்தில் முகவரியை எழுதினாள். ரயில் மாறும் இடம், எந்த வாசல், பெட்டி அடுக்கும் கூடம் எந்த மாடி, எல்லாம் வரிசையாக எழுதினாள். ஐந்து வருடமாகியும் ஒன்றும் மறந்திருக்கவில்லை. அந்தப் பெண்களைப் பற்றி அதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது, எழுதிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

நாலு நாள் கழித்து, அலுவலகத் தொலைபேசியில் தமாகி கூப்பிட்டாள். பின்னால் ரயில் நிலைய அறிவிப்புகள் கேட்டன.

"பதினொரு பேர்தான். சரியா இருக்கு. ஆனா எட்டு இல்ல. ஒன்பது."

"அப்போ படிவம்?"

"எட்டை அடிச்சுட்டு ஒன்பதுன்னு எழுதினேன். எதனாலன்னும் எழுதினேன். எந்த அச்சுன்னும்."

அதன் பொருள் இருவருக்குமே தெரியும். ஒரு முத்திரை போய் இருபத்து மூன்று முத்திரை. ஏப்ரலில் தமாகிக்கு விலகல் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. செகினே சொல்ல நினைத்தவை பல. எட்டு என்றே விட்டுவிட்டு வந்துவிடு என்பதும் அதில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே அலை தடுப்புச் சுவரில் மோதி ஏறியது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா சுத்தட்டும்" என்றாள் தமாகி.

கோப்பு இப்போது பதினாறாவது மேசையில் இருப்பதாகக் கேள்வி. முதல் பதினைந்து பேரும் வழக்கமான சிறு திருத்தங்களைச் செய்துவிட்டார்கள். 'கிழித்த' என்பது போய் 'தொட்ட' ஆகியிருக்கிறது. ஒட்டுப்பட்டையின் நீலம் கண்ணுக்கு இதமானது என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். பதினாறாவது மேசை நினோமியாவுடையது. அவர் மூன்று வாரமாக முத்திரையை வைக்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்பை முழுதாகப் படித்துவிட்டாராம். ஒன்பது என்ற எண்ணை எப்படிப் பாராட்டாக மாற்றுவது என்று அவருக்குப் புரியவில்லை.